மட்டக்கம்பி

பிப்ரவரி 4

அண்ணன் அவர்களுக்கு,

இங்கே நானும் மகளும் இருக்கோம். ஒன்பது வருஷம் கழிச்சு எழுதறேன். பழைய சண்டையை முடிக்கவும் இல்லை, புதுசா ஒண்ணைத் தொடங்கவும் இல்லை. ஒரு அளவு வேணும், அவ்வளவுதான்.

நம்ம ஊர்ல நிதானம்னு கூப்பிடுவோமே, நீங்க போனதுலேருந்து டிராக்டரை ஓட்டின அந்த டிரைவருக்கு இடுப்பு போயிடுச்சு. வீட்டோட படுத்துட்டார். இப்ப டிராக்டரை நானே ஓட்டறேன். உழவுக்கு ஒரு குறையும் இல்லை. முன்னாடி மாட்டியிருக்கிற, மண் அள்ளற லோடர்தான் என் உயிரை வாங்குது. சீட்ல உட்கார்ந்தா பக்கெட்டோட அடி தெரியறதில்லை. மட்டமா இருக்குன்னு நம்பி முன்னாடி போனா மூக்கைக் குத்தித் தரையைத் தோண்டுது. சரின்னு கொஞ்சம் நிமிர்த்தினா மண்ணைத் தடவிக் கொடுத்துட்டு ஒண்ணும் அள்ளாம போகுது. போன வாரம் தண்ணிக் குழாயைக் கிழிச்சுட்டேன். முற்றம் முழுக்கக் குளம். "நீச்சல் சொல்லித் தரப் போறியாம்மா?"ன்னு கேட்கிறா மகள்.

நிதானத்தைப் போய்ப் பார்த்தேன். "மட்டம் காட்ட ஒரு கம்பி வைச்சுக்கோங்கம்மா, சீட்ல இருந்தே தெரியும். ஆனா எங்கே வெல்டிங்ல பத்தவைக்கலாம், எங்கே கூடாதுன்னு செஞ்சவரைக் கேளுங்க"ன்னார். செஞ்சது நீங்க. வேற யாரைக் கேட்க?

போன் வேண்டாம். உங்களுக்குப் போன்ல காது சரியாக் கேட்காது, என்னால உங்க குரலைக் கேட்க முடியாது. ரெண்டும் ஒண்ணுதான்.

அளவை மட்டும் எழுதினா போதும்.

தங்கை


பிப்ரவரி 11

தங்கச்சிக்கு,

மருமகள் உன் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். உறைமேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். ஒன்பது வருடம் வாய் திறக்காதவள் திறந்தால் சாவுச் செய்தியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். பிரிக்கவே பயமாக இருந்தது. பிரித்தால் பக்கெட் மட்டம்.

'நீங்க' என்று எழுதியிருக்கிறாய். பேச்சு வந்த நாளிலிருந்து என்னை 'நீ' என்றுதான் கூப்பிட்டாய். அப்பா போனபோது உனக்கு வயது நான்கு. அன்றிலிருந்து உன்னைத் தூக்கி வளர்த்தவன் நான். மரியாதை கொடுத்தும் ஒருவனை அடிக்கலாம் என்று இந்த வயதில் தெரிந்துகொண்டேன்.

நானும் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அன்று நான் சொன்னது சொன்னதுதான். முதல் லிவர், பக்கெட்டைத் தாங்கும் லோடர் கையைத் தூக்கும், இறக்கும். இரண்டாவது லிவர் பக்கெட்டைக் கவிழ்க்கும், நிமிர்த்தும். இது உனக்கும் தெரியும். முந்தின நாளே எனக்குத் தோள் பிடித்துக்கொண்டது, அதனால் அன்று உன் வீட்டுக்காரன் ஏறினான். சிமெண்ட் குழாயை லாரியில் ஏற்ற வேண்டும். பக்கெட் தரையில் மட்டமாக இருந்தது. நானே குனிந்து பார்த்தேன். "அப்படியே தூக்கு, ரெண்டாவதைத் தொடாதே" என்று தொண்டை கிழியக் கத்தினேன். பாதி உயரம் போனதும் பக்கெட் அவன் பக்கமாகச் சாய்ந்தது. குழாய் லோடர் கைமேலேயே உருண்டு அவன்மேல் வந்தது. பத்தடி தள்ளி நின்று என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். சாய்க்காமல் சாயுமா? தொட்டான், சாய்ந்தது. சாவுக்கு வந்திருந்த பத்துப் பேரிடம் நான் அதைச் சொன்னதற்கு என்னை வீட்டை விட்டுப் போகச் சொன்னாய். போனேன்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் பழைய இரும்பில் செய்த லோடர் அது. ஒரு புத்தகம் கிடையாது, ஒரு வாத்தியார் கிடையாது. படித்த இஞ்சினியர் ஒருவர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "யார் வரைஞ்சு கொடுத்தது?" என்று கேட்டார். "யாரும் இல்லை, நான்தான்" என்றேன். இப்போது மூன்றாவது மாடியில் மகன் வீட்டில், ஸ்பேனர் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டு இருக்கிறேன். இந்த வீட்டில் முடுக்குவதற்கு ஒரு போல்ட்டு கிடையாது.

இனி அளவு.

அரை இஞ்ச் கம்பி, நாலரை அடி. புதிதாக வாங்கு, பழைய ஜன்னல் கம்பியைத் தட்டி நிமிர்த்தினேன் என்று சொல்லாதே. பக்கெட்டின் முதுகில், மேல் விளிம்புக்கு நான்கு விரல் கீழே, ஓட்டை போட்ட சின்னத் தகடு ஒன்றைப் பத்தவை. கம்பியின் முனையை வளைத்து அதில் மாட்டு. அது தாராளமாக ஆட வேண்டும். லோடரின் இடது கைமேல் ஒரு சாண் நீளத்துக்கு முக்கால் இஞ்ச் குழாய். அதையும் இறுக்கிப் பத்தவைக்காதே, ஒரே போல்ட்டில் ஆட விடு. கம்பியை அந்தக் குழாய் வழியாக விடு. பக்கெட் சாயும்போது கம்பி குழாய்க்குள் போய்வரும். சிமெண்ட் தரையில் பக்கெட்டின் அடி முழுக்கப் படியும்படி இறக்கிவிட்டு, குழாயின் வாயருகே கம்பியில் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு போடு. அப்புறம் நீ பக்கெட்டைப் பார்க்கவே வேண்டாம். கோடு குழாய் வாய்க்கு வந்தால் மட்டம்.

சிலிண்டர் பக்கம் வெல்டிங் போகக்கூடாது. வேலை தொடங்கும் முன் பேட்டரி வயரைக் கழற்று. படம் பின்பக்கம் இருக்கிறது.

இதற்கு மட்டக்கம்பி என்று பெயர் வைத்துக்கொள். ஊர் முன்னால் என்னை மட்டம் தட்டியவளுக்கு என்னால் முடிந்தது.

உன் அண்ணன்


பிப்ரவரி 24

அண்ணன் அவர்களுக்கு,

கம்பி மாட்டியாச்சு. வெல்டிங்காரர் உங்க படத்தைப் பார்த்துச் சிரிச்சார். "இது பக்கெட்டா, பிஞ்ச செருப்பா?"ன்னார். அப்புறம் டேப்பை வைச்சு அளந்துட்டு, "படம்தான் செருப்பு. அளவு ஒரு நூல் தப்பல"ன்னு சொன்னார். சொல்லணும்னு தோணிச்சு, சொல்லிட்டேன்.

நல்லா வேலை செய்யுது. நான் தோண்டி வைச்ச பள்ளத்தையெல்லாம் ஒரே மதியத்துல நிரவிட்டேன். மஞ்சள் கோட்டைப் பார்க்கிறேன், குழாய் வாய்க்குக் கொண்டு வர்றேன், முன்னாடி போறேன். தலையை நீட்டி நீட்டிப் பார்த்த கழுத்து வலி போயிடுச்சு. நன்றி.

அளவை மட்டும் எழுதச் சொன்னேன். நீங்க மத்ததையும் எழுதினதால நானும் எழுதறேன். 'உன் வீட்டுக்காரன்'னு எழுதியிருக்கீங்க. உயிரோட இருந்த வரைக்கும் வாய் நிறைய 'மாப்பிள்ளை'ன்னு கூப்பிட்டீங்க. செத்துப் போனா முறையும் செத்துப் போகுமா?

கோட்டைப் பார்க்க இடது பக்கம் திரும்பறப்பல்லாம் அந்த எழுத்தும் கண்ணுல படுது. நீங்க போறதுக்கு முந்தின நாள் லோடர் கைமேல சிவப்புப் பெயிண்டுல எழுதிட்டுப் போனீங்களே: 'தூக்கும்போது இரண்டாவது லிவரைத் தொடாதே.' ஒன்பது வருஷ வெயில்ல எல்லாம் வெளுத்துப் போச்சு, அது மட்டும் அப்படியே இருக்கு. நல்ல பெயிண்ட்.

உங்களுக்குத் தெரியாத ஒண்ணு சொல்றேன். அப்ப மகளுக்கு அஞ்சு வயசு. எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகிக்கிட்டு இருந்தா. பாடப் புத்தகத்தை விட்டுட்டு அதைத்தான் படிச்சா. விரலை வைச்சு, தொ, டா, தேன்னு. படிச்சு முடிச்சுட்டு என்னைப் பார்த்துக் கேட்டா: "அப்பா தொட்டாராம்மா?" நான் பதில் சொல்லல. இப்ப அவளுக்குப் பதினாலு. கேட்கிறதை நிறுத்திட்டா. டிராக்டர் பக்கமே வரமாட்டா. அவளே ஒரு பதிலை வைச்சுக்கிட்டான்னு நினைக்கிறேன். அதுதான் எனக்குப் பயம்.

எத்தனையோ தடவை அதைச் சுரண்டப் போனேன். சுரண்டினா, உண்மை சுடுதுன்னு அழிச்சுட்டாள்னு ஆயிடும். அப்படியே விட்டுட்டேன்.

தங்கை


மார்ச் 2

தங்கச்சிக்கு,

அந்த எழுத்தில் கை வைக்காதே. வலிக்கிறது என்பதற்காக உண்மையைச் சுரண்ட முடியாது. அடுத்து ஏறுகிறவன் பிழைக்கட்டும் என்றுதான் எழுதினேன்.

உன் மகள் கேட்டது என்னையும் இரண்டு நாளாகத் தின்கிறது. குழந்தை கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஒன்பது வருடம் விட்டிருக்கிறாய். இப்போது அதற்கு வழி இருக்கிறது. அந்தக் கம்பி அன்றைக்கு இருந்திருந்தால் நீ என்னை வெளியே அனுப்பியிருக்க மாட்டாய். கோடு நகர்ந்ததா இல்லையா என்று கம்பியே சாட்சி சொல்லியிருக்கும்.

இப்படிச் செய். பக்கெட்டில் அரைவாசி ஜல்லி அள்ளு. தரையில் இறக்கிக் கோட்டைக் குழாய் வாய்க்குக் கொண்டுவா. பிறகு இரண்டாவது லிவர் பக்கம் கையைக் கொண்டுபோகாமல், முதல் லிவரை மட்டும் பிடித்து உச்சிவரை தூக்கு. கோடு ஒரு நூல் நகராது. எழுதித் தருகிறேன். கோடு நகரவில்லை என்றால் பக்கெட் மட்டமாகவே மேலே போகிறது என்று பொருள். தொடாமல் தூக்கினால் சாயாது என்று பொருள்.

மகளையும் கூட்டிவந்து நிறுத்து. அவளே பார்க்கட்டும். கசப்பாகத்தான் இருக்கும். ஆனால் தெரிந்த கசப்பு தெரியாத பயத்தைவிட மேல்.

முறையைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். முறை என்பது இரண்டு பக்கமும் இருக்க வேண்டும்.

உன் அண்ணன்


மார்ச் 9

அண்ணா,

கொட்டகையில நின்னுக்கிட்டே எழுதறேன். எழுத்து கோணலா இருந்தா அதுதான் காரணம்.

நீ சொன்ன மாதிரியே செஞ்சேன். சனிக்கிழமை மதியம். அரை பக்கெட் ஜல்லி. மகள் வரமாட்டேன்னா. "மாமா எழுதியிருக்கார், நீ பார்க்கணுமாம்"னு கெஞ்சிக் கூட்டி வந்தேன். கொட்டகைத் தூணைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. நான் இடது கையில ஸ்டீயரிங், வலது கையில முதல் லிவர். ரெண்டாவது பக்கம் கை போகலன்னு அவளுக்கு நல்லாத் தெரியணும்னு உரக்கச் சொல்லிக்கிட்டே தூக்கினேன்.

கோடு நகரல. நீ எழுதித் தந்தபடியே ஒரு நூல்கூட நகரல. நான் அந்த மஞ்சள் கோட்டையே பார்த்துக்கிட்டு இருந்தேன். அப்ப மேல இருந்து சலசலன்னு சத்தம். ஜல்லி பக்கெட்டோட முதுகுப் பக்கமா வழிஞ்சு, லோடர் கைமேல, பானட்மேல, என் மடியில. நிமிர்ந்து பார்த்தா பக்கெட்டோட வாய் வானத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கு. முதுகு என் பக்கமா மல்லாந்து கிடக்கு. கோடு மட்டும் அப்படியே குழாய் வாயில. மட்டம்னு சொல்லிக்கிட்டு நிக்குது.

இஞ்சினை நிறுத்தினேன். மகள் கிட்ட வந்தா. ஜல்லியைப் பார்த்தா, லிவரைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. "அம்மா, நீ தொடவே இல்லையே"ன்னா.

அவ்வளவுதான் சொன்னா.

அண்ணா, அந்தக் கம்பி பக்கெட்டுக்கும் லோடர் கைக்கும் நடுவுல இருக்கிற மட்டத்தைத்தான் காட்டுது. தரைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. கை கீழே இருக்கிறப்ப ரெண்டும் ஒண்ணு. கை மேல போனா வேற. உனக்கு நான் படம் போட மாட்டேன், இதைச் செஞ்சு பாரு. கையை முன்னாடி நீட்டி, உள்ளங்கையில ஒரு டம்ளர் தண்ணி வை. மணிக்கட்டை அசைக்காம தோளோட மேல தூக்கு. தண்ணி எங்கே விழுதுன்னு பாரு.

ஓடிப்போய் நிதானத்தைக் கேட்டேன். "ஒன்பது வருஷம் இந்த லோடரை ஓட்டினீங்களே, உங்கமேல ஒண்ணும் விழலையா?" அவர் படுத்துக்கிட்டே என்னை ஒரு மாதிரி பார்த்தார். "தூக்கறப்ப ரெண்டாவதைக் கொஞ்சம் கொஞ்சமாக் கவிழ்த்துக்கிட்டே போகணும்மா. இல்லேன்னா தலையில கொட்டிடாதா? இதுகூடவா தெரியாது?"ன்னார். "தொடாதேன்னு கண்ணு முன்னாடி எழுதியிருக்கே"ன்னேன். அவர் சுவர்ப் பக்கமாத் திரும்பிக்கிட்டார். அப்புறம் சொன்னார்: "அது டிராக்டரோட பேருன்னு நினைச்சேன். எனக்குப் படிக்கத் தெரியாதும்மா."

படிக்கத் தெரியாததால பிழைச்சிருக்கார், அண்ணா.

தங்கச்சி


மார்ச் 15

தங்கச்சிக்கு,

'நீ' என்று எழுதியிருக்கிறாய். இப்படியா அது திரும்பி வர வேண்டும்.

உனக்கு அடி ஒன்றும் இல்லையே? அதை எழுதவில்லை. முதலில் அதை எழுது.

மற்றது எதையும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு மதியம் ஜல்லி கொட்டியதை வைத்து ஒருவனைக் கொலைகாரன் ஆக்க முடியாது. நீ அந்தச் சொல்லை எழுதவில்லை. எழுதாததும் எனக்குப் படிக்கத் தெரியும். கோடு போட்டபோது தரை சரிவாக இருந்திருக்கலாம். முன் டயரில் காற்று குறைந்திருக்கலாம். சிலிண்டரில் எண்ணெய் கசிந்து பக்கெட் தானாகத் தளர்ந்திருக்கலாம். ரசமட்டம் வைத்துப் பார்த்தாயா? கொத்தனாரிடம் இருக்கும். கண்ணை நம்பாதே, ரசமட்டத்தை நம்பு.

டம்ளர் வித்தையெல்லாம் நான் செய்ய மாட்டேன். இரும்பு வேறு, தண்ணீர் வேறு.

கடைசியாக ஒரு கேள்வி. அந்த லோடரைச் செய்த நாளிலிருந்து பதினேழு வருடம் நான் தூக்கினேன். கல், கட்டை, குழாய், மூட்டை. முதல் லிவரை மட்டும் பிடித்துத்தான் தூக்கினேன். ஒரு கூழாங்கல் என்மேல் விழுந்தது கிடையாது. நீ சொல்வது சரி என்றால் நான் முதல் நாளே செத்திருக்க வேண்டும். ஏன் சாகவில்லை? அதற்குப் பதில் சொல், பிறகு மற்றதைப் பேசலாம்.

உன் அண்ணன்


மார்ச் 22

அண்ணா,

அடி இல்லை. முழங்கையில சிராய்ப்பு.

தரையைச் சரி பார்த்தேன். டயர்ல காத்து அடிச்சேன். கசிவு இல்லைன்னு மெக்கானிக் சொல்லிட்டார். ரசமட்டத்தைப் பக்கெட்டோட பக்கவாட்டுல கட்டிட்டுக் காலியாத் தூக்கினேன். மகள் தள்ளி நின்னு பார்த்தா. முழங்கால் உயரத்துலயே குமிழி ஓரத்துக்கு ஓடிடுச்சு. அதுக்கு மேல அது திரும்பி வரவே இல்லை. மஞ்சள் கோடு மட்டும் நகரவே இல்லை. மூணு தடவை செஞ்சோம். மூணும் அப்படித்தான்.

நீ கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. உன்மேல ஏன் விழலைன்னு நீதான் பார்க்கணும்.

நான் ஒண்ணு மறைச்சு வைச்சிருந்தேன். இனிமே அதை வைச்சுக்க எனக்குத் தெம்பு இல்லை. அவர் இறந்ததுக்கு முந்தின நாள், லோடரைக் காலியாத் தூக்கிப் பழகினார் இல்லையா. மறுநாள் காலையில டீ குடிக்கிறப்ப எங்கிட்டச் சொன்னார்: "பக்கெட் மேல போகப் போக என்னைப் பார்க்குது. கொஞ்சம் கவிழ்த்துக்கிட்டே தூக்கினா சரியா வரும்போல. உங்க அண்ணன் தொடவே கூடாதுங்கிறார்." நான் சிரிச்சேன். "செஞ்சவருக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியப் போகுது? சொன்னதைக் கேளுங்க"ன்னேன். டம்ளரை வைச்சுட்டுப் போனார்.

அவர் தொட்டதால சாகல, அண்ணா. நீ சொன்னதை நான் கேட்கச் சொல்லி, அவர் கேட்டு, தொடாம இருந்ததால செத்தார்.

உன்னை வீட்டை விட்டு அனுப்பினேனே, நீ அவர்மேல பழி போட்டதுக்குன்னுதான் எல்லாரும் நினைச்சாங்க. நானும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டேன். உன் மூஞ்சியைப் பார்த்தா அந்த டீ டம்ளர் ஞாபகம் வந்ததுங்கிறது இப்பத்தான் தெரியுது.

தங்கச்சி


ஏப்ரல் 14

தங்கச்சிக்கு,

மூன்று வாரம் எழுதவில்லை. கோபம் இல்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். வரிசை தப்பினால் எனக்கே புரியாது.

டம்ளரைச் செய்தேன். பால்கனியில், யாரும் இல்லாதபோது. முகத்தில் விழுந்தது. துடைத்துக்கொண்டு இன்னொரு டம்ளர் எடுத்தேன். அதுவும் விழுந்தது. சட்டையை மாற்றிக்கொண்டு உள்ளே வந்தேன். அப்போதும் நான் அசரவில்லை. இரும்பு வேறு, தண்ணீர் வேறு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

பிறகு பிஸ்கட் டின்னை வெட்டி ஒரு பக்கெட், இரண்டு ஸ்கேலில் லோடர் கை, ஒரு குடைக்கம்பியில் மட்டக்கம்பி. குண்டூசிகளால் கோத்தேன். பட்டாணியை நிரப்பித் தூக்கினேன். பட்டாணி என் மடியில் விழுந்தது. கோடு நகரவில்லை. நான் செய்த பொருள் என் முன்னால் என்னைப் பொய்யன் என்றது. அப்போதும் எனக்கு அந்த ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. பதினேழு வருடம் என்மேல் ஏன் விழவில்லை?

சமையலறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மேடையின் இழுப்பறையில் இரண்டு நீளக் கரண்டிகளைச் செருகி லிவர் மாதிரி நிறுத்தினேன். மருமகள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். "என்ன மாமா, பஸ் ஓட்டறீங்களா?" என்றாள். "டிராக்டர். தூக்க முதல் லிவர் மட்டும்தான். பேசாமல் இரு" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினேன். வாயால் இஞ்சின் சத்தம் போட்டேன். சத்தம் இல்லாமல் எனக்குக் கை வராது. தூக்கினேன்.

அவள் கேட்டாள்: "மாமா, தூக்கறதுக்கு முதல் லிவர் மட்டும்தான்னு சொன்னீங்க. அப்புறம் எதுக்கு அடுத்த கரண்டியையும் தள்ளறீங்க?"

"தள்ளவில்லை" என்றேன்.

"தள்ளறீங்க மாமா."

"உனக்கு டிராக்டரைப் பற்றி என்ன தெரியும்?"

"டிராக்டரைப் பத்தி ஒண்ணும் தெரியாது. கரண்டியைப் பத்தித் தெரியும்" என்று சொல்லிவிட்டு, இரண்டாவது கரண்டியின் பிடியில் மாவைத் தடவினாள். "இப்பத் தூக்குங்க" என்றாள்.

கண்ணை மூடி, சத்தம் போட்டு, உச்சிவரை தூக்கினேன். முதல் கரண்டி மட்டும்தான் என் கையில் இருந்தது. சத்தியமாக அப்படித்தான் தெரிந்தது. கண்ணைத் திறந்தேன். என் மோதிர விரலிலும் சுண்டு விரலிலும் மாவு.

கழுவிவிட்டு மறுபடி செய்தேன். மறுபடியும் மாவு. நான்காவது முறை அவளே, "போதும் மாமா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பதினேழு வருடமும் தொட்டிருக்கிறேன். ஒவ்வொரு தூக்கிலும் தொட்டிருக்கிறேன். என் கைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை என்று ஊரெல்லாம் பெருமை பேசினேன். என் கை எனக்கே சொல்லவில்லை.

மாப்பிள்ளை தொடவில்லை.

பக்கெட் சாய்ந்ததைப் பார்த்தேன் என்று எழுதினேன். அது உண்மை. அப்போது மாப்பிள்ளையின் கையை நான் பார்க்கவில்லை. பக்கெட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கையைப் பார்த்தேன் என்று ஒன்பது வருடம் நம்பினேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், தங்கச்சி. பக்கெட் சாயத் தொடங்கியதும் ஒரு முறை என்னைத் திரும்பிப் பார்த்தார். தொடலாமா என்று கேட்கிற பார்வை. நான் மறுபடியும் கத்தினேன், தொடாதே என்று. இதை யாரிடமும் சொன்னதில்லை.

டீ டம்ளரை நீ உன் கணக்கில் வைத்துக்கொள்ளாதே. நீ என்னை நம்பினாய். நம்பியது தப்பு என்றால் அந்தத் தப்பும் என்னுடையது. இதில் என்னோடு வாதாடாதே.

மன்னிப்பு என்று எழுத மூன்று முறை பேனாவை எடுத்தேன். அந்தச் சொல் எனக்கு வரவில்லை. வராததை எழுதினால் மட்டமான எழுத்தாக இருக்கும். செய்யத் தெரிந்ததை எழுதுகிறேன்.

லோடர் கையை உச்சிக்குத் தூக்கி, ரசமட்டம் பார்த்து, பக்கெட் உண்மையாகவே மட்டமாக வரும்வரை கவிழ். அடியில் யாரும் போகக்கூடாது, தள்ளி நின்று பார்க்கட்டும். அப்போது கம்பியின் எந்த இடம் குழாய் வாயில் நிற்கிறதோ, அதை மனதில் குறித்துக்கொள். லோடரை இறக்கி இஞ்சினை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் சிவப்புக் கோடு போடு. தரையில் மஞ்சள், உச்சியில் சிவப்பு. தூக்கும்போது ஒன்றிலிருந்து மற்றதற்குக் கம்பியை நகர்த்திக்கொண்டே போக வேண்டும். நான் முதல் கடிதத்தில் கொடுத்தது அரைக் கம்பிதான். அதை நம்பி உன்னை ஜல்லிக்கு அடியில் உட்கார வைத்தேன்.

அப்புறம் அந்த எழுத்து. முழுவதும் அழிக்க வேண்டாம். கடைசியில் இருக்கும் 'தே'யைச் சுரண்டிவிடு. அதற்கு முன்னால் இருக்கும் 'டா'வை 'டு' ஆக்கு. மிச்சம் சரியாக இருக்கிறது. 'தூக்கும்போது இரண்டாவது லிவரைத் தொடு.' அதைத்தான் எழுதியிருக்க வேண்டும்.

இந்தக் கடிதத்தை மகளிடம் படித்துக் காட்டு. எந்த வரியையும் விடாதே.

உன் அண்ணன்


ஏப்ரல் 21

அண்ணா,

படிச்சுக் காட்டல. கடிதத்தை அவ கையிலயே கொடுத்துட்டேன். கொட்டகைக்கு எடுத்துட்டுப் போய்ப் படிச்சா. ரொம்ப நேரம் வரல. போய்ப் பார்த்தேன். டிராக்டர் சீட்ல ஏறி உட்கார்ந்திருந்தா. அதுல அவ ஏறினது அதுதான் முதல் தடவை. இஞ்சினைப் போடல. ரெண்டாவது லிவர் மேல கையை வைச்சுக்கிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தா. நான் திரும்பி வந்துட்டேன்.

சிவப்புக் கோடு போட்டாச்சு. நீ சொன்னது சரியா இருக்கு. தண்ணி நிரப்பின டம்ளரைப் பக்கெட்டுல வைச்சுத் தூக்கினேன், சிந்தல.

எழுத்தை நான் தொட மாட்டேன். அழிக்கிறதும் மாத்தறதும் எழுதினவன் வேலை. பெயிண்ட் வாங்கி வைச்சிருக்கேன், அதே சிவப்பு. நீ அன்னைக்கு விட்டுட்டுப் போன பிரஷ் கொட்டகை உத்தரத்துல அப்படியேதான் இருக்கு, முடியெல்லாம் காஞ்சு கல்லாப் போச்சு. வர்றப்ப வேற வாங்கிட்டு வா.

தங்கச்சி